மூன்றாம் பூச்சு

வால்பரைசோவில், துறைமுகத்தைப் பார்த்த அறை.
சுவருக்குச் சாம்பல் அடித்திருக்கிறேன்.
என் சட்டையும் சாம்பல்தான்.
திரையில் வேறு நிறம் விழக்கூடாது,
தொழில் அப்படி.

ஓஸ்வால்தோ கொண்டுவந்த படம்
அறுபத்தெட்டில் எடுத்தது.
இந்த வகைத் தாளில்
நீலச்சாயம்தான் முதலில் சாகும்.
மிச்சம் மாதுளைத் தோல் போல ஒரு சிவப்பு;
அதற்குள் ஒரு வீடு, வாசலில் அவன் அம்மா,
கையில் வாளி.

'வீடு நீலம்' என்றான்.
தொலைபேசியில் தங்கை எதெல்மிரா:
'பச்சை. அவனுக்கென்ன தெரியும்,
எந்நேரமும் படகிலேயே கிடந்தவன்.'

கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்டை
அப்பா மலிவாக வாங்கி அடித்த வீடாம்.
எந்தக் கப்பல்? இருவருக்கும் தெரியாது.

மறுவாரம் தகரத்துண்டோடு வந்தான்,
தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால்
வெயில் படாத இடத்தில் வெட்டியெடுத்தது.
உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன்.
மேலே இளஞ்சிவப்பு, அவன் மனைவி தேர்ந்தது.
அடியில் வெள்ளை, பூகம்பத்துக்கு மறுவருஷம்.
அதற்கும் அடியில், நகக்கண் அகலத்துக்கு,
என்னவோ ஒன்று, அழுக்கு மஞ்சள் படர்ந்து.

எண்ணெய்ப் பூச்சு இருட்டில் மஞ்சளிக்கும்.
மூன்று வாரம் ஜன்னலில் வைத்தேன்,
மஞ்சளை வெயில் தின்னட்டும் என்று.
கடல்மூட்டம் கிடந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.
கடைசியில் வந்தது மயில்கழுத்து,
கொஞ்சம் புகை படிந்தாற்போல.

அளந்தேன். அந்த எண்களை
படத்துச் சுவருக்குக் கொடுத்தேன்.
சிவப்பைத் தாழ்த்தத் தாழ்த்த வீடு மேலே வந்தது,
வாளி துத்தநாகமாயிற்று,
கொடித்துணி வெளுத்தது,
நிழல்கள்கூடச் சரி.

அம்மா மட்டும் மஞ்சள்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள்.
திரையைச் சந்தேகித்தேன், விளக்கை,
பிறகு என் கண்ணையே.
மறுபடி அளந்தேன்:
துணியில் மஞ்சள் இல்லை, வாளியில் இல்லை.
அவள் கன்னத்தில், கழுத்தில்,
பெரிதாக்கினால்
கண்ணின் வெள்ளையில்.

முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு
துளி ரோஜா சேர்த்தால் முடிந்தது.
நூறு முகங்களுக்குச் செய்திருக்கிறேன்.
எல்லோரும் நன்றி சொல்லிக் காசு கொடுத்துப் போனார்கள்.

ஓஸ்வால்தோ வந்து நின்றான்.
வீட்டின் நிறத்தை அவன் கவனிக்கவேயில்லை.
'அந்தக் குளிர்காலம் பூரா
அத்தை வீட்டில் இருந்தோம்' என்றான்.
'பெயிண்ட் வாடை பிள்ளைகளுக்கு ஆகாது
என்று சொல்லித்தான் அனுப்பினாள்.'

கீழே ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது.

'இதை எடுக்க முடியுமா?'
'ஒரு நிமிட வேலை.'
தலையாட்டினான்.
நாற்காலியை இழுத்து
படத்துக்கு இன்னும் பக்கத்தில்
போட்டுக்கொண்டான்.