பாக்கி ஏழு

சிமெண்ட் கம்பெனி கொடுத்த டைரி.
அதன் ஆண்டு முடிந்தே ஆறு வருஷமாகிறது.
அதனால் எந்தத் தேதியிலும்
எதையும் வரையலாம் நான்.
மார்ச் பதினொன்றில் ஒரு குடை இருக்கிறது.
தீபாவளியன்று, பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல்.
இன்றைக்கு ஞாயிறு,
விரித்ததோ ஜூன் மாதத்துப் புதன்கிழமை.
காலியாகக் கிடக்கிறது புதன்.

காலையில் பஸ் ஏறிக் கானாடுகாத்தான் போயிருந்தேன்,
ஏதாவது ஆப்படும் என்று.
நாற்பத்து மூன்று படம் எடுத்தேன் போனில்.
முகப்பு, வளவு, பர்மாத் தேக்கு,
நிலைக்கு மேலே லட்சுமி, இரண்டு பக்கமும் யானை,
நீலக் கண்ணாடி வழியே தரையில் விழுந்த
நீல வெயில்.
எல்லாம் ஏற்கெனவே அழகாக இருந்தன.
அழகாக இருப்பதிடம் எனக்கென்ன வேலை?
பந்தியில் உட்கார்ந்தவள் மாதிரி
பார்த்துவிட்டுக் கைகழுவி வரலாம், அவ்வளவுதான்.
பன்னிரண்டு தூணையும் நான் வரைந்தால்
பதின்மூன்றாவதாக நானே நிற்பேன்,
விறைத்துப் போய்.

ராத்திரி பதினொன்றரைக்கு
ஒவ்வொன்றாய் அழிக்கிறேன்.
மெடிக்கலில் பீர்முகமது அண்ணன் சொல்வார்:
'சீட்டில் இருக்கிறதை மட்டும் எடும்மா.'
பகலெல்லாம் யாரோ கிறுக்கியதைப் படித்து
எடுத்துக் கொடுக்கிற கை இது.
யாரும் கிறுக்கித் தராத தாளுக்கு முன்னால்
எந்தத் தட்டில் தேடுவது என்று தெரியாமல்
பென்சிலைச் சீவுகிறது. மறுபடி சீவுகிறது.

முப்பத்தெட்டாவது படத்தில் விரல் நின்றது.
பூப்பூவாய்ப் போகிற தரையில்
ஒரே ஒரு கட்டம், வெறும் சிமெண்ட் பூச்சு.
ஈரம் காய்வதற்குள் பூனை நடந்திருக்கிறது.
நான்கு விரல், ஒரு பாதம்.
சுற்றிக் காட்டியவர் அதன் மேலேயே நின்றுதான்
இத்தாலியைப் பற்றிப் பேசினார்.
படத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்,
மறைக்க வந்து மறைக்காமல் போனது.
இதுதான், என்றேன் சத்தமாக.
உமையாள் தூக்கத்தில் புரண்டு படுத்தாள்.

அவள் பெயிண்ட் பெட்டியைத் திறந்தால்
நீலம் இல்லை (பள்ளிக்கூடத்துக்குக் கடல் வரைந்தாளாம்),
பச்சை இல்லை, மஞ்சள் கிண்ணம் வழித்துச் சுத்தமாக.
தொடப்படாமல் இருப்பது வெள்ளை.
வெள்ளைத் தாளில் வெள்ளையை யார் தொடுவார்கள்?

காக்கி நிற மருந்துக் கவர் ஒன்று கைப்பையில் இருக்கும்.
காலை ஒன்று, இரவு ஒன்று,
மத்தியானத்துக்குச் சுழி
என்று என் கையெழுத்திலேயே எழுதி, ஆள் வராமல் போனது.
அதை இழுத்தபோது கூடவே வந்து விழுந்தது
ரோஸ் நிற பஸ் சீட்டு.
பின்பக்கம் பென்சிலில் ஒரு ஏழு.
'சில்லறை இல்லக்கா, இறங்கறப்ப வாங்கிக்கங்க.'
பள்ளத்தூர் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தவள்தான்,
வாங்காமலே இறங்கிவிட்டேன்.

பூனை எங்கே போய்விடும்? சிமெண்டில் இருக்கிறது.
சீட்டு விடிந்தால் குப்பை.

பசை டப்பா காய்ந்துவிட்டது.
சட்டியடியிலிருந்து நான்கு பருக்கை எடுத்து
விரலால் மசித்தேன்.
எந்தப் பக்கத்தை ஒட்டுவது?
பஸ்ஸின் பெயர், கட்டணம், வரிசை எண்,
நுனியில் கண்டக்டர் கிழித்த கிழிசல்,
எல்லாம் உள்ளே போகும், இனிமேல் யாரும் பார்க்கப் போவதில்லை.
கொஞ்ச நேரம் அதை வருத்தத்தோடு பார்த்துவிட்டு
ஏழை மேலே வைத்து அமுக்கினேன்.
பக்கத்திலேயே காக்கிக் கவரைக் கிழித்து ஒட்டி
வெள்ளையில் இரண்டு நாணயம்:
அஞ்சு வட்டமாக வந்தது.
இரண்டு, மாத்திரை மாதிரி நீண்டுவிட்டது.
இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு அதே கண்டக்டரைப் பார்த்தாலும்
கேட்கப் போவதில்லை.
வாங்கிவிட்டால் இந்தப் பக்கம் பொய்யாகிவிடும்.

ஒரு பருக்கை மட்டும் மசியவில்லை.
சீட்டுக்குக் கீழே சின்ன மேடு.
தடவிப் பார்க்கிறேன்.
தாளைத் திருப்பினால்
வியாழக்கிழமையிலும் தட்டுப்படுகிறது.