ஓரிரவுக்கு, ஐந்து பேர்

கட்டைபறிச்சானில் விடியப்புறம் ஏறி
மூன்று பஸ் மாறிக் கிளிநொச்சியில் இறங்க
பின்னேரம் ஆறு மணி.
சுருட்டிய மெத்தை, வாளி, நுளம்புவலை,
சில்லு கழன்ற சூட்கேஸ், இரண்டு பெடியள்.
நாளைக் காலை எட்டரைக்கு அறிவியல்நகரில்
மகளைப் பொறியியல் பீடத்தில் விடவேண்டும்.
இன்றிரவு எங்கே படுப்பது என்று
நான் அவர் யோசித்திருப்பார் என்றிருந்தேன்,
அவர் நான் என்றிருந்தார்.

முதல் விடுதியில் மேசைப் பெடியன்
"மணித்தியாலத்துக்கோ, இரவுக்கோ?" என்றான்.
எனக்குப் பின்னால் மூன்று தலை தெரிந்ததும்
பேனையைக் காதில் செருகிவிட்டு
மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினான்.

இரண்டாவதில் கீழே பார்.
படியில் ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துக் கிடந்தார்.
"அவருக்கும் றூம் கிடைக்கேல்லையோ?"
சின்னவன் கேட்டான்.

மூன்றாவது புதுசு. கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்.
குடும்ப அறை பதினெட்டாயிரம், காலைச் சாப்பாட்டோடு.
சாப்பாடு வேண்டாம் என்றார் நகுலேசன்.
சாப்பாடு இல்லாமலும் பதினெட்டாயிரம்.
மெத்தை எங்களிடம் இருக்கு என்றார்.
மேசையில் இருந்த பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
பாவம், அடக்கிக்கொண்டு தண்ணீர்ப் போத்தல் ஒன்று தந்தது.

றோட்டுக்கு வர, நயாகராவிலிருந்து என் தம்பி எடுத்தான்.
"இஞ்ச கசினோவுக்குப் பக்கத்தில
பெரிய ஹொட்டேல் எல்லாம் மலிவு அக்கா,
பிள்ளையளுக்கு நீச்சல்குளமும் இருக்கு."
ஏன்டா மலிவு என்றேன்.
"ராவில சனம் கீழ இறங்கிப் போய்த் தோக்கும் எண்டுதான்."
ஏ-ஒன்பது வீதியில் மெத்தையோடு நின்று பார்த்தேன்.
எங்களைத் தோற்கடிக்கவும் இங்கே
ஒருவருக்கும் அக்கறையில்லை.

நாலாவது, இரும்புக்கடைக்கு மேலே.
பெரிய அறை ஒன்றுதான், அதுவும் போய்விட்டது.
உள்ளே நாலு பேர் காசு வைத்து
முந்நூற்றுநாலு விளையாடிக்கொண்டிருந்தார்கள்.
திறந்த கதவால் ஒருவர் வாளியைப் பார்த்தார்.
"கம்பஸுக்கோ?"
"ஓம்."
"என்ன படிக்க?"
அவள் சொன்னாள்.
அவர் கைச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
பக்கத்திலிருந்தவர் பாயின் ஒரு முனையைத் தூக்கினார்.
"இரண்டாயிரத்தைந்நூறு குடுங்கோ,
மிச்சம் நாங்கள் கட்டியாச்சு."

பதிவுப் புத்தகத்தில் 'வந்த நோக்கம்' என்றொரு நிரல்.
மேலே இருந்து கீழ்வரை 'சொந்த அலுவல்', 'சொந்த அலுவல்'.
இவர் நெடுநேரம் யோசித்து
'மகள்' என்று எழுதினார்.

சிகரெட் மணம். சுவரில் தலை எண்ணெய் வட்டங்கள்.
காசு கொடுத்து நான் படுக்கிற முதல் இரவு இது.
பள்ளிக்கூடம் இரண்டு, மாதாகோயில் ஒன்று,
பிறகு தரப்பாளுக்குக் கீழே பதினொரு மாதம்;
அங்கெல்லாம் ஒருவரும் வாடகை கேட்கவில்லை.
அங்கெல்லாம் கதவுமில்லை.
நடுச்சாமத்தில் எழும்பி
உள்கொண்டியைப் போட்டேன். கழற்றினேன்.
திரும்பவும் போட்டேன்.

வெளியே நடையில் ஆட்டம் நடந்தது.
"நூற்றெழுபது."
"நூற்றெண்பது."
"மெல்லக் கேளடா, பிள்ளையள் படுக்குதுகள்."
தரப்பாள் காலத்தில் பழகிய ஆட்டம், எனக்கும் தெரியும்.
இறங்குகிற சத்தத்தைக் கொண்டே கணக்குப் பார்த்தேன்:
இடப்பக்கத்து ஆள் துரும்பை வீணாக்குகிறார்.
கதவுக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லவா?
சொல்லவில்லை. அவர் தோற்றார்.
பெருமூச்சையும் மெல்லத்தான் விட்டார்.

காலையில் நடை கூட்டியிருந்தது.
தோற்றவர் படியில் இருந்தபடியே நித்திரை.
சூட்கேஸை உருட்டாமல்
இரண்டு பக்கமும் பிடித்து, அவரைக் கடந்து இறக்கினோம்.

பீடத்து வாசலில் காவலாளி
தாய் தகப்பன் இதுவரைக்கும்தான் என்றார்.
மகள் அழவில்லை. நான் வாளியைக் கொடுக்க மறந்து
பிடித்துக்கொண்டு நின்றேன்.
சின்னவன் அவளுடைய காதுக்குக் கிட்டப் போய்
மெல்லக் கேட்டான்:
"நூற்றெண்பது?"
ராத்திரி முழுக்க அவனும் படுக்கவில்லை.
அவள் வாளியை வாங்கிக்கொண்டு
"இருநூறு" என்றாள்.