மூன்றாம் பாத்திக்கு வெறும் தண்ணீர்

சிலாலோ மலையிலிருந்து மேகம் இறங்கி
வயல்மேல் குந்தியிருந்த ஜூன் மாதம்
தொப்பிக்குள் நான்கு சீட்டுப் போட்டுக் குலுக்கினோம்.
முதல் பாத்திக்கு பாஸ்பரஸ்.
இரண்டாவதற்குப் பூ உதிராமல் பிடித்துவைக்கும் ஹார்மோன்.
நான்காவதற்கு இரண்டும்.
மூன்றாவது வொர்க்னெஷுடையது.
அவளுக்கு விழுந்த சீட்டில்
தண்ணீர் என்று எழுதியிருந்தது,
என் கையெழுத்தில்.

ஒன்றும் போடாத பாத்தி ஒன்று வேண்டும்,
போட்டதால் எவ்வளவு கூடியதென்று
அதை வைத்துத்தான் தெரியும் என்றேன்.
"அப்படியானால் நான் அளவுகோல்.
கோலுக்குக் கூலி உண்டா?"
அறுவடைக்குப் பின் ஒரு மூட்டை உரம் என்றேன்.
சரி என்று சொல்லவில்லை.
மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆறாவது வாரம்
பாத்திக்குப் பத்துச் செடி பிடுங்கினேன்.
வேரெல்லாம் மிளகளவு முடிச்சு.
நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பு.
காற்றில் கிடக்கும் தழைச்சத்தைப் பிடித்துச்
செடிக்கு ஊட்டும் நுண்ணுயிர்கள்
அந்த அறைக்குள் வேலையில் இருந்தன.
யூரியாவை அள்ளிக் கொடுத்தால் சோம்பிவிடும்,
ஆகவே கொடுக்கவில்லை.
கொடுக்காமல் இருப்பதும் ஓர் உரம் என்பார் டாக்டர் ஹிர்ப்பா.
வொர்க்னெஷ் காதில் விழாத தூரத்தில்.

பாகேலா அவரை பூத்தது.
வெள்ளை இதழுக்குள் மை தீட்டிய கண்.
இதைப்போல் ஊதாரிச் செடி இல்லை:
நூறு பூத்தால் எண்பதை மண்ணுக்குக் கொடுத்துவிடும்.
பதினைந்து லிட்டர்த் தொட்டியில்
ஒரு சிட்டிகைக்கும் குறைவாய் மருந்து கரைத்தேன்.
கூடினால் கெட்டது,
பிடி என்று சொல்ல வந்த மருந்தே
விடு என்று சொல்லிவிடும்.

மூன்றாம் பாத்திக்கு வந்தபோது
வரப்பில் நின்றிருந்தாள்.
அதே முதுகுத் தொட்டி, அதே கையுறை, அதே முகமூடி.
"தண்ணீருக்கு எதற்கு முகமூடி?"
எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும்,
மருந்து ஒன்றுதான் வித்தியாசம் என்றேன்.
"அவரைக்குத் தெரியவா போகிறது?"
தெரியாது.
"எனக்குத் தெரியுமே."
நான் விசைப்பிடியை அழுத்தினேன்.
அவள் பாத்தி முழுக்கத் தண்ணீர்,
மழை நின்று ஒரு மணி நேரம்கூட ஆகாத வயலில்.

தினமும் காலையில் செடியடியில் துணி விரித்து
உதிர்ந்ததை எண்ணினேன்.
குளிரில் விரல் மரத்து
எண்ணிக்கை தவறி மறுபடி எண்ணிய நாட்கள் உண்டு.
இரண்டிலும் நான்கிலும் துணி இலேசாக இருந்தது.
மூன்றில் அள்ள அள்ள வந்தது.
ஒரு நாள் அவளும் வந்து குந்தி எண்ணினாள்.
என்னைவிட நான்கு பூ கூடுதலாகச் சொன்னாள்.
அவள் கணக்கை எழுதிக்கொண்டேன்.

டிசம்பரில் தராசு.
முப்பத்துநான்கு கிலோ, முப்பத்தொன்று,
இருபத்தாறு,
நாற்பத்தொன்று.
டாக்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.
இடைவெளி அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது.
அது யாருடைய சாக்கில் விழுந்த ஓட்டை என்று
அட்டவணையில் எழுத நிரல் இல்லை.

வொர்க்னெஷ் தன் சாக்குக்குள் கைவிட்டு
ஒரு பிடி அவரையை எடுத்துப் பார்த்தாள்.
"இவை யாரும் சொல்லாமல் நின்றவை" என்றாள்.
பெருமையா குத்தலா, எனக்குத் தெரியவில்லை.
கூலியாக வந்த உர மூட்டையைப்
பார்லிக்குப் போட்டாள்.

அடுத்த ஜூன்.
இந்த முறை நானே எடுப்பேன் என்று
தொப்பிக்குள் முழங்கை வரை கைவிட்டுத்
துழாவினாள்.
நான்கு சீட்டுக்கு அவ்வளவு துழாவல்.
பிரித்து என்னிடம் நீட்டினாள்.
அவளுக்குப் படிக்கத் தெரியும்,
ஆனாலும் என்னைப் படிக்கச் சொன்னாள்.

தண்ணீர்.

மலைப்பக்கம் பார்த்தாள், மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.
வயிறு குலுங்கச் சிரித்தாள்.
"முகமூடியை மறந்துவிடாதே" என்றாள்.