மூன்று கண்ணி குறைவு

கையேட்டுக்கு ஒரு பத்தி கேட்டார்கள்.
பென்ஹாலோ கவுண்டி: பெயர் வந்த கதை.
நூற்றிருபது சொல்லுக்குள், நல்லவிதமாக.
இருநூறாம் ஆண்டு விழா.
தாள் வழவழப்பாக இருக்குமாம்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில்
முப்பத்தோரு வருடமாக முத்திரை குத்துகிறேன்.
வில்மா ஓடகார்ட் என்று நான் கிறுக்காமல்
இங்கே ஒரு கோழிக்கூண்டுகூடக் கைமாறாது.
இந்தக் கவுண்டியில் எனக்கும் இடமுண்டு:
வண்டி நிறுத்துமிடம், எண் நாற்பத்தேழு.
வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

முதலில் தெரிந்ததை எழுதினேன்.
ஏழு கோல்ஃப் மைதானம், நான்கு குதிரைப் பண்ணை.
புல் நான்கு அங்குலம் தாண்டினால் அபராதம்.
இரண்டு ஏக்கருக்குக் குறைந்து
ஒரு மனையும் பிரிக்கக் கூடாது;
ஏழைகள் வரக் கூடாதென்று
எந்த விதியிலும் எழுதவில்லை,
எழுத வேண்டியிருக்கவும் இல்லை.
காலை ஆறு பத்துப் பேருந்தில்
ரொசாலியா ஷோக் தங்கைகளோடு வந்து இறங்குவாள்.
மாலைக்குள் சமையலறைகள் மினுங்கும்.
ஐந்து பத்துக்கு அதே பேருந்து.
இது கையேட்டில் வராது, தெரியும்.
எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிறகு பெயர்.
நீதிமன்ற வாசலில் வெண்கலக் குதிரைமேல்
ஜெனரல் பென்ஹாலோ உட்கார்ந்திருக்கிறார்,
புறாக்களை நோக்கி வாளை ஓங்கியபடி.
எந்தப் போர் என்று கேட்டால்
வாரியத் தலைவர் இருமுவார்.

நிலவறையில் முதல் பதிவேடு இருக்கிறது.
கன்றுத்தோல் அட்டை,
தொட்டால் விரலெல்லாம் செம்பொடி.
அதில் ஜெனரல் யாரும் இல்லை.
ஓபடாயா பென்ஹாலோ இருக்கிறான், நில அளவைக்காரன்.
அறுபத்தாறடிச் சங்கிலி, நூறு கண்ணி,
மறுமுனை பிடிக்க ஒரு பையன்,
பதினான்கு மாதம் சதுப்பிலும் முள்ளிலும்.
ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சின்ன எழுத்தில்:
பென்ஹாலோவுக்குத் தரவேண்டியது இவ்வளவு.
தலைநகரில் எவனோ ஒரு எழுத்தன்,
மதிய உணவுக்கு அவசரப்பட்டவனாக இருக்க வேண்டும்,
கூலிக் குறிப்பை ஊர்ப்பெயர் என்று எண்ணி
வரைபடத்தின் நடுவில் பெரிதாக எழுதிவிட்டான்.

கூலி வரவில்லை.

அளந்த நிலம் முழுக்க விற்றது.
அளந்தவனுக்குப் படியளக்க ஆளில்லை.
ஒரு மார்ச் மாதம், கடனாளிகள் சிறையில்,
காய்ச்சலோடு போய்ச் சேர்ந்தான்.
சிறைக்காரனின் பட்டியல்:
மேலங்கி ஒன்று, அடகில்.
திசைகாட்டி ஒன்று, அடகில்.
சங்கிலி ஒன்று. மூன்று கண்ணி குறைவு.

அந்த வரியை இரண்டு தரம் படித்தேன்.
மூன்று கண்ணி என்றால்
கிட்டத்தட்ட இரண்டடி.
எப்போது அறுந்தன?
சிறைக்குப் போன பிறகா,
முதல் கல்லை நடும் முன்பா?
முன்பு என்றால்
ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டடி காற்று.
குதிரை லாயங்கள், நீச்சல் குளங்கள்,
நான் குத்திய முத்திரைகள் எல்லாம்
தாளில் இருப்பதைவிடத் தரையில் கொஞ்சம் குறைவு.
பதிவேடு சொல்லவில்லை.
பையனின் பெயரையும் சொல்லவில்லை.

நூற்றுப் பத்தொன்பது சொல்லில் எழுதிக் கொடுத்தேன்.
திரும்பி வந்தது நாற்பது சொல்,
குதிரையும் வாளுமாக.
கீழே ஒரு குறிப்பு: நன்றி வில்மா, அருமை.

வியாழக்கிழமை பல் மருத்துவர் பே வந்தார்.
முகம் சிவந்திருந்தது.
பக்கத்து வீட்டுக்காரன் வேலியை நகர்த்திவிட்டானாம்;
வக்கீல் வைத்தாயிற்று; மூலப் பத்திரத்தின் நகல் வேண்டும்.
எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

இரண்டடி, என்றார்.

நான் சிரிக்கவில்லை.
நகலுக்குப் பதினெட்டு டாலர்,
முன்பணமாக வாங்கிக்கொண்டேன்.
இங்கே கடன் கிடையாது.