மயிரிழை

பகலில் பொய்ப்பல் செய்கிறேன்,
டாட்மோர்டனில், கால்வாய் மதகுக்கு எதிரே.
யார் யாருடைய ஈறுகளின் அச்சோ
மேசையில் வாய்பிளந்து காய்ந்துகொண்டிருக்கும்.
இரவில்
அதே ஊசிமுனைக் கருவிகளைக் கழுவி எடுத்துவந்து
சமையலறை மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து
மயிர் எண்ணுகிறேன்.

சிரிக்காதீர்கள். ஊரில் இதைச் சொன்னால்
வேறு அர்த்தம் என்று எனக்கும் தெரியும்.

பஸ் நிறுத்தக் கூரையின் பாசி,
ஒரு தேக்கரண்டி.
புனலில் இட்டு மேலே நாற்பது வாட் பல்பு.
சூடு இறங்க இறங்க
ஈரம் தேடிக் கீழே, இன்னும் கீழே போகிற உயிர்கள்
வெளிச்சத்துக்குப் பயந்து
சாராயத்தில் விழும்.
நான் வெட்கப்படும் இடம் இது.
இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.
வயிற்றுக்கடியில் மடித்துவைத்த கவட்டை,
அதைப் பிடித்திருக்கும் ஒரு கொக்கி.
கொக்கி விட்டால்
கேரம் காயைச் சுண்டியதுபோல
எங்கோ போய் விழும். எங்கே என்று அதற்கும் தெரியாது.
சுண்டுவாலி என்பது நானே வைத்துக்கொண்ட பெயர்.
ஆறு கால் இருந்தும்
பூச்சிக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.
நம் மொழிக்கு அந்தக் கறார் இல்லை:
எட்டுக்காலும் பூச்சிதான்,
பிள்ளை வயிற்றில் நெளிவதும் பூச்சிதான்.

அதன் முதுகில் ஒவ்வொரு மயிருக்கும் விலாசம் உண்டு.
முன் வரிசை, நடு வரிசை, பின் வரிசை;
நடுக்கோட்டிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று.
தபால்காரிபோல வீடு வீடாகப் போகிறேன்.
நான்காம் கண்டம், நடு வரிசை, மூன்றாம் வீடு:
புத்தகங்களில் எல்லாம் காலிமனை.
இங்கே யாரோ குடியிருக்கிறார்கள்.

அன்றிரவு தூங்கவில்லை.
நாலு மணிக்கு எழுந்து டீ போட்டேன்.
பெயர்கூட யோசித்துவிட்டேன், வெட்கக்கேடு.
என் பெயர் இல்லை, பஸ் நிறுத்தத்தின் பெயர்.

பிறகுதான் பதினொன்றையும் எண்ணினேன்.
ஏழில் இருந்தது.
மூன்றில் இல்லை.
ஒன்பதாம் ஸ்லைடில்
இடப்பக்கம் உண்டு, வலப்பக்கம் இல்லை.

கார்டிஃபிலிருந்து க்வெண்டா ப்ரோதரோ எழுதுகிறாள்.
நாற்பது வருடமாக இதே வேலை, வார்த்தையில் சிக்கனம்:
"உதிர்ந்திருந்தால் குழி இருக்கும். குழியைப் பார்."
பார்த்தேன்.
எண்ணெய் விட்டு, மூச்சை நிறுத்திப் பார்த்தேன்.
குழி இல்லை.
அங்கே மயிர் முளைக்கவே இல்லை.
இடப்பாகத்தை ஒருத்திக்குக் கொடுத்தவன்போல
இரண்டு இனமாகவும் ஓர் உடம்பாகவும்
கண்ணாடிக்கடியில் கிடக்கிறது ஒன்பது.
மயிரிழை வித்தியாசம் என்று
எவ்வளவு சுலபமாகச் சொல்லிவந்தேன் இத்தனை நாள்.

"இன்னும் எத்தனை வேண்டும்?"
"முப்பது. பனி விழுவதற்குள்."

இன்று மாலை மழையில்
பஸ் நிறுத்த பெஞ்சில் ஏறி நிற்கிறேன்.
ஒரு கையில் தேக்கரண்டி,
மறு கையில் கழுவியும் மணம் போகாத ஊறுகாய் பாட்டில்.
ஹாலிஃபாக்ஸ் போகும் மாடி பஸ் வந்து கதவைத் திறக்கிறது.
டிரைவர் நதீமுக்குப் பல் கட்டியது நான்தான்,
மேல்வரிசை, இடமிருந்து இரண்டு.
அந்தப் பல் தெரியச் சிரித்து
"ஏறவில்லையா?" என்கிறார்.
தலையாட்டுகிறேன்.
"அங்கே என்னதான் இருக்கிறது?"
ஒன்றா இரண்டா என்றே தெரியாததை
ஓடவேண்டிய பஸ்ஸை நிறுத்திவைத்து
எப்படிச் சொல்ல.

அவர் காத்திருக்கிறார்.
மாடி ஜன்னல்களின் வெளிச்சம்
கூரைப் பாசிமேல் மஞ்சளாய் விழுந்து கிடக்கிறது.
இதற்குள் எத்தனை பேர்
கீழே இறங்கத் தொடங்கியிருப்பார்களோ.