இரண்டாவது

ஹௌலியில் டிசம்பர் காற்று
தகரக் கதவின் இடுக்கில் நுழையும்போதே சுதி பிடித்துக்கொள்ளும்.
எனக்கு அந்தக் காது கிடையாது.
பதினோரு வருடமாகப் பித்தளைக்குச் சட்டை மாட்டுகிறேன்:
எண்ணெய் போகக் கழுவி, விரல் படாமல் உலர்த்தி,
மூச்சை அடக்கி ஒரே வீச்சில் லாக்கர் தெளித்து
அடுப்பில் ஏற்றுவது என் வேலை.
பூச்சின் கனம் ஒரு தலைமுடியில் பாதிகூட வராது.
அந்தப் பாதி முடியைப் பிளந்துதான்
அன்று மாலை வழக்கு நடந்தது.

வெள்ளி முலாம் போட்டால் குரல் பளிச்சென்று விழும்,
இது முதலாளி லியாவ்.
விலை பன்னிரண்டாயிரம் கூடுதல் என்பதையும் மறக்கவில்லை.
பூச்சே வேண்டாம், வெறும் பித்தளைதான் மூச்சு விடும்,
இது ஒசாகாவிலிருந்து வந்த திருமதி ஓகுபோ.
கணக்கு எழுதும் மைத்துனர்
எந்தக் கட்சியிலும் சேராமல் வேர்க்கடலை உரித்தார்.

நடுவே பழைய நீலத் தார்ப்பாயைக் கட்டினோம்.
ஊத வந்தவர் கான் யூ-ஷெங்,
கல்யாண விருந்துகளில் வாசிப்பவர்.
கண்ணில் துண்டு, கையில் பருத்தி உறை.
ஒரே அச்சில், ஒரே வாரத்தில் பிறந்த மூன்று ஆல்டோ சாக்ஸபோன்கள்.
ஊதுமுனையும் நாணலும் மட்டும் அவருடையவை.
எடுத்துக் கொடுக்க நான்.

முதலில் கைக்கு வந்தது லாக்கர் போட்டது.
மணிவாய் ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து உறைந்திருக்கும்.
என் தும்மல் அது.
ஐந்து மாதமாக விலை போகாமல் நின்ற தும்மல்.
கான் ஊதினார்.
"ஆறிப்போன ஊலாங் தேநீர்" என்றார் ஓகுபோ, அந்தப் பக்கத்திலிருந்து.

அடுத்து வெள்ளி.
கழுத்துத் திருகு இறுகிக் கிடந்தது.
திருப்புளியைக் காணோம்.
"ரெடியா?" என்று லியாவ் குரல் கொடுத்தார்.
ஊதுமுனையைக் கழற்றி,
திரும்ப மாட்டும் சத்தத்தை நன்றாகவே செய்து,
அதையே மறுபடி கொடுத்தேன்.
"வெள்ளி! சத்தியமாக வெள்ளி!"
லியாவ் தொடையில் தட்டிக்கொண்டது தார்ப்பாயைத் தாண்டிக் கேட்டது.

மூன்றாவதற்கு முன் திருப்புளி கிடைத்துவிட்டது,
என் செருப்புக்கு அடியில்.
கிடைத்த பிறகும் அதையே கொடுத்தேன்.
காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.
"இதோ, இதோ, மூச்சு விடுகிறது பாருங்கள்"
என்று ஓகுபோ எழுந்தே விட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
மூன்றும் ஒன்றே என்று அந்தக் கூடத்தில் அறிந்தவள் நான் ஒருத்தி.
எனக்கும் மூன்றாவது வேறாகத்தான் கேட்டது.
சற்று ஈரமாக, சற்றுக் கிட்டத்தில்.
நாணல் ஊறியிருக்கலாம்.
கானுக்கு உடம்பு சூடேறியிருக்கலாம்.
படபடத்த என் நெஞ்சு
தாளத்தில் கலந்திருக்கலாம்.

துண்டை அவிழ்த்ததும் கான் சொன்னார்,
"இரண்டாவது எனக்கு வேண்டும்.
விரல் நினைக்குமுன் ஒலி வந்து நின்றது."
தும்மலை எடுத்து நீட்டினேன்.
லியாவின் முகத்தில் பன்னிரண்டாயிரம் குறைந்தது.
"இது லாக்கர் அல்லவா? அப்படியென்றால் முதலாவதுதான் வெள்ளியா?"
தலையை ஆட்டினேன்.
ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும்.
மைத்துனர் என்னைப் பார்த்தார்,
தார்ப்பாயைப் பார்த்தார்,
இன்னொரு கடலையை உடைத்தார்.

நான்கு வருடம் ஆயிற்று.
இப்போது பழுதுமேசையும் என் பொறுப்பு.
போன மாதம் கான் வந்தார், கீழ்ச்சுரங்கள் அடைக்கின்றன என்று.
வலது உள்ளங்கை படும் இடத்தில் லாக்கர் தேய்ந்து
பித்தளை, பழைய புண்போல், பழுப்பாகத் தெரிந்தது.
அந்தச் சொட்டு மட்டும் அப்படியே.
ராசியாம், துடைக்கவே மாட்டாராம்.

உள்ளே சிறு விளக்கை இறக்கிப் பார்த்தேன்.
எட்டு மூடிகளின் ஓரம் வழியே வெளிச்சம் கசிந்தது.
மாற்றினேன்.
ஊதினார். கீழ்ச்சுரம் தரையைத் தொட்டுக்கொண்டு எழுந்தது.
தேய்ந்த இடத்தைத் தடவியபடி,
"பார்த்தீர்களா, பூச்சு போகப் போக
குரல் திறந்துகொள்கிறது" என்றார்.

ரசீதில் எழுதினேன்:
தோல் அட்டை, எட்டு.