எட்டு ஆணிகள்

முதலில் பார்த்தது சித்திரையில்.
கோத்தகிரியிலிருந்து அரவேணு போகும் வழி,
சாலையை விட்டு இறங்கினால் தேயிலைச் சரிவு,
அதன் நடுவே பச்சைத் தகரம் போட்ட இரண்டறை வீடு.
வாசலில் நீலத்தில் பந்து பந்தாகப் பூ.
புரோக்கர் ஹாலன் ஜன்னலைத் திறந்து
மலையைக் காட்டினார்,
அதுவும் பத்திரத்தில் சேர்ந்ததுபோல.

விலை சொன்னார்.
புவனேந்திரன் என்னைப் பார்த்தான்.
நான் பூவைப் பார்த்தேன்.

சித்திரை பிறந்தால் எங்கள் வாடகை வீட்டுக்காரருக்குத்
தம் வீடு ஒரு காட்டேஜ் என்பது ஞாபகம் வந்துவிடும்.
இரண்டு மாதம் பின்பக்க ஸ்டோர் ரூமில்
நாங்களும் காஸ் சிலிண்டரும்.
முன்னறையில் எங்கள் கட்டிலில்
யாரோ ஒரு சென்னைக் குடும்பம்
குளிருதே குளிருதே என்று
சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.
ஏழு வருஷமாக இப்படி.

ஆடியில் ஹாலனே போன் செய்தார்.
ஆடியில் யார் வீடு பேசுவார்கள்?
ஐம்பதாயிரம் குறைந்தது அதனால்தான்.
காற்றில் கூரை தடதடத்தது.
அண்ணாந்து எண்ணினேன்: எட்டு ஆணி இல்லை.
"ஆவணியில் முடிச்சிடலாம்,
சீட்டுப் பணம் வந்துடும்" என்றான்.
ஐப்பசி வரட்டும் என்றேன்.
"மண்ணு சரியிற மாசத்துலயா?"
அந்த மாதத்தில்தான்.
பெண் பார்க்கப் போகிறவர்கள்
பட்டுப்புடவை நாளில் போகிறார்கள், அது அவர்கள் பாடு.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கிறவள் நான்.
மழையில் பறித்த இலைக்குத்
தண்ணீர்க் கழிவென்று பத்துக்கு ஒரு கிலோ குறைப்போம்.
பூத்த மாதத்தின் வீட்டுக்கும்
அப்படி ஒரு கழிவு இருக்க வேண்டும்.

ஐப்பசி.
ஹாலன் வரவில்லை, சாவியை மட்டும் கொடுத்தார்.
மரம் விழுந்து பஸ் இல்லை.
குடையைக் காற்று பிடுங்கப் பிடுங்க நடந்தோம்.
வழியில் ஒரு புதுக் கட்டடத்தின் தடுப்புச் சுவர்
சாலையில் வந்து உட்கார்ந்திருந்தது,
கூடவே ஒரு சில்வர் ஓக்,
இறங்கி வந்தும் நின்றபடியே.
ஒன்றும் பேசாமல் சுற்றிப் போனோம்.

எங்கள் வீடு
(எப்போது எங்கள் வீடானது?)
இருந்த இடத்தில் இருந்தது.
பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம்,
இலங்கையைப் போலவே ஒரு வடிவம்.
அதில் ஹட்டன் எங்கே வரும் என்று
விரல் வைத்துப் பார்த்தான்,
அவன் அப்பா பிறந்த ஊர்.
அவர்களைக் கப்பலேற்றியபோது
எந்த மாதம் தோது என்று
யாரும் கேட்கவில்லை.

சமையலறை அலமாரியில் ஒரு தீப்பெட்டி வைத்தேன்.
பக்கத்தில், காகிதத்தில், ஒரு பிடி உப்பு.
கதவை மூடினேன்.
ஐம்பது நாள்.

மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி.
பின்சுவரில் வெயில் விழும்போது மணி பத்து ஐந்து.
அதுவரை வாயில் புகை விட்டுக்கொண்டு நின்றோம்.
உப்பு தண்ணீராகிக்
காகிதத்தையும் கரைத்திருந்தது.
முதல் குச்சி, மருந்து உதிர்ந்தது.
இரண்டாவது பெட்டியில் ஒரு கோடு போட்டதோடு சரி.
மூன்றாவது
எரிந்தது.
விரல் சுடும்வரை பிடித்திருந்தேன்.

"மார்கழியில அட்வான்ஸா?"
ஹாலன் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"தை பொறக்கட்டுமே அம்மா, பதினேழு நாள்தான்."
பதினேழு நாளில் வீடு மறுபடி அழகாகிவிடும்,
எனக்கு அதுதான் பயம்.

ரூபாயை எண்ணி வைத்தேன்.
புவனேந்திரன் ஸ்வெட்டர் பைக்குள் கைவிட்டு
காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தான்.
கூரை ஆணிகள், எட்டு, ரப்பர் வாஷரோடு.
லேசாகத் துரு ஏறியிருந்தன.

"எப்ப வாங்கின?"

"ஆடியில" என்றான்,
ஹாலனைப் பார்க்காமல்,
என்னையும் பார்க்காமல்.